தாய்க்கு மூப்பு, சேய்க்கு இளமை

ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. சுற்றிலும் செம்பனை. பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வீட்டில் பெரியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் நிலை இத்தகைய ஊர்களில் புதிதல்ல. மாலையில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டதும் வாசலுக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒரு தாத்தாவாகவோ பாட்டியாகவோதான் இருப்பார்.

அவர் வாங்கும் அந்த ரொட்டியை உப்ப வைத்தது ஈஸ்ட் எனும் நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிரணு. முன்பு தோட்டத்துக் கள்ளுக்கடைகளில் கள்ளை நுரைத்துப் பொங்க வைத்ததும் இதே இனம்தான். மளிகைக் கடையில் விற்கும் சிறு பொட்டலத்துக்குள் ஆயிரக்கணக்கான கோடி ஈஸ்ட்கள் உறங்கிக் கொண்டிருக்கின்றன. வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சீனியும் கிடைத்தால் போதும், விழித்துக்கொள்ளும்.

மனிதனுக்கு ஏன் வயதாகிறது என்ற கேள்விக்கு அறிவியல் உலகம் இந்த ஈஸ்ட்டிடம் போய் விடை கேட்டது. கேட்டவர்களுள் முக்கியமான ஒருவர் பேராசிரியர் பிரையன் கென்னடி. அமெரிக்காவில் ஆய்வைத் தொடங்கிய அவர், பின்னர் ஜொகூர் கடற்பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து முதுமை ஆய்வை நடத்தியவர்.

மாவைப் புளிக்க வைக்கும் பூஞ்சைக்கும் மூட்டுவலியால் அவதிப்படும் மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அறிவியலாளர்கள் பலரும் முதலில் அப்படித்தான் கேட்டார்கள். ஒற்றை உயிரணுவுக்கு ஏது முதுமை? அது இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சாவே இல்லாத வாழ்க்கை என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கை 1959இல் உடைந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ராபர்ட் மோர்ட்டிமர், ஜான் ஜான்ஸ்டன் என்ற இருவர் செய்த வேலை கேட்பதற்கு மிக எளிது, செய்வதற்கு மிகக் கடினம். ஈஸ்ட் சரிபாதியாகப் பிளப்பதில்லை. வாழைக்குப் பக்கக் கன்று முளைப்பதுபோல, தாய் உயிரணுவின் உடலில் ஒரு சிறு மொட்டு கிளம்பும். அது வளர்ந்து சேயாகிப் பிரிந்து போகும். சேய் சிறியது, தாய் பெரியது. ஆகவே எது தாய், எது சேய் என்று நுண்நோக்கியில் அடையாளம் காண முடியும். அந்த இருவரும் மிக நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு சேயையும் தாயிடமிருந்து தள்ளி ஒதுக்கிவிட்டு, தாய் இதுவரை எத்தனை பெற்றது என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

சராசரியாக இருபது, இருபத்தைந்து சேய்கள். மிஞ்சிப் போனால் நாற்பது. அதற்குமேல் தாய் பெறவில்லை. வயது ஏற ஏறத் தாய் பருத்தது. ஒரு சேய்க்கும் அடுத்த சேய்க்கும் இடையே நேரம் நீண்டது. பிறகு ஓய்ந்தது, இறந்தது. ஒவ்வொரு பிரசவமும் தாயின் மேல்தோலில் வட்டமான ஒரு தழும்பை விட்டுச் சென்றிருந்தது. அந்தத் தழும்புகளை எண்ணினாலே அதன் வயது தெரியும்.

வியப்பு அதோடு முடியவில்லை. இருபது பெற்றுத் தளர்ந்துபோன தாய்க்குப் பிறந்த சேயும் புதிதாகத் தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. தாயிடம் சேர்ந்துவிட்ட மூப்பு சேய்க்குப் போவதில்லை. முதுமையைத் தாய் தன்னிடமே வைத்துக்கொண்டு இளமையை மட்டும் கொடுத்து அனுப்புகிறது. முதுமை என்பது இயந்திரம் தேய்வதுபோன்ற வெறும் தேய்மானம் என்றால், தேய்ந்த உடலிலிருந்து தேயாத உடல் எப்படிப் பிறக்கும்? கேள்வி 1959இலேயே எழுந்தது. அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

இரண்டு மாணவர்களின் பிடிவாதம்

1990களின் தொடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பேராசிரியர் லெனர்ட் குவாரெண்டே ஈஸ்ட்டின் மரபணுக்களை ஆராய்ந்து வந்தார். அவரிடம் வந்து சேர்ந்த இரண்டு ஆய்வு மாணவர்கள், தாங்கள் முதுமையைப் பற்றித்தான் ஆராயப் போவதாக உறுதியாக நின்றார்கள். ஒருவர் கென்னடி. மற்றவர் நிக்கனோர் ஆஸ்ட்ரியாகோ; இவர் பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியாராகவும் ஆனார். முதுமை ஆராய்ச்சி என்றாலே மற்ற விஞ்ஞானிகள் முகம் சுளித்த காலம் அது. கிழவனைக் குமரனாக்கும் வைத்தியர்களின் வியாபாரம் என்ற எண்ணம் அந்தத் துறையின்மேல் படிந்திருந்தது.

கையில் இருந்ததோ அதே பழைய முறைதான். நுண்நோக்கி, ஊசி, எண்ணிக்கை. ஈஸ்ட் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சேயை ஈனும். ஒவ்வொரு முறையும் ஆள் உட்கார்ந்து சேயைப் பிரித்தாக வேண்டும். இரவானால் ஈஸ்ட் தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஆய்வாளர் தூங்கப் போவார். குளிரில் ஈஸ்ட் பெறுவதை நிறுத்திவிடும். மறுநாள் எடுத்து வெப்பத்தில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி ஒரு தாயின் வாழ்நாளை எண்ணி முடிக்க வாரக்கணக்காகும்.

1994இல் அவர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். சேய் எப்போதும் முழு இளமையோடு பிறக்கிறது என்ற விதிக்கு விலக்கு உண்டு. தாய் மிகவும் மூப்படைந்த நிலையில், கடைசிக் காலத்தில் பெறும் சேய்களுக்கு ஆயுள் குறைவு. தாய்க்குத் தன் மூப்பைத் தன்னிடமே நிறுத்தி வைக்கும் சக்தி அப்போது போய்விடுகிறது. ஆனால் அந்தச் சேய்களின் வழிவந்த சந்ததியில் ஆயுள் மீண்டும் சீராகிவிடுகிறது. ஆகவே தாயிடம் ஏதோ ஒன்று சேர்கிறது. அது நிரம்பி வழிந்தால்தான் சேயிடமும் கசிகிறது.

எது சேர்கிறது? ஒரு பதில் 1997இல் கிடைத்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் புரதம் தயாரிக்கும் சிறு தொழிற்சாலைகள் உண்டு; ரைபோசோம் என்பார்கள். (அதன் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.) அந்தத் தொழிற்சாலையைக் கட்டுவதற்கான மரபணு ஈஸ்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நூறு முதல் இருநூறு பிரதிகள் வரிசையாக இருக்கிறது. ஒரே மாதிரி மணிகள் கோத்த மாலைபோல. எப்போதாவது ஒரு மணி கழன்று தனி வளையமாகிவிடும். அந்த வளையம் ஒவ்வொரு பிரசவத்தின் போதும் தன்னைத்தானே இரட்டிப்பாக்கிக்கொள்ளும். சேயிடம் போகாது, தாயிடமே தங்கும். இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகி, தாயின் கடைசிக் காலத்தில் உடலை அடைத்துக்கொள்ளும். இதை குவாரெண்டேயுடன் சேர்ந்து வெளியிட்டவர் டேவிட் சின்க்ளேர்.

இந்த வளையங்கள் மனிதனை முதுமையாக்குவதற்குச் சான்றில்லை. இது ஈஸ்ட்டின் சொந்தச் சிக்கல். ஆனால் வளையம் கழலாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு புரதம் இருந்தது. சர்-2 என்று அதற்குப் பெயர். 1999இல் மேட் கேபர்லைன் என்ற மாணவர், சர்-2 மரபணுவின் ஒரு கூடுதல் பிரதியை ஈஸ்ட்டுக்குக் கொடுத்தபோது அதன் ஆயுள் சுமார் 30 விழுக்காடு கூடியது. இந்தப் புரதத்தின் உறவுக்காரர்கள் புழுவில் இருக்கிறார்கள், எலியில் இருக்கிறார்கள், மனிதரிலும் இருக்கிறார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது.

பட்டினி தந்த ஆயுள்

உணவைக் குறைத்தால் எலிகள் கூடுதல் காலம் வாழ்கின்றன என்பது 1930களிலிருந்தே தெரிந்த செய்தி. ஈஸ்ட்டுக்கு உணவு குளுக்கோஸ். ஆய்வுக்கூடத்தில் வழக்கமாக 2 விழுக்காடு குளுக்கோஸ் கலந்து வளர்ப்பார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் அதை 0.5 விழுக்காடாகக் குறைத்தார்கள். தாய் ஈஸ்ட்கள் அதிகச் சேய்களைப் பெற்று, அதிக நாள் வாழ்ந்தன. உணவுக் குறைவு என்ற செய்தியை உயிரணுவுக்குள் எடுத்துச் செல்வது சர்-2தான் என்று அந்த ஆய்வு கூறியது.

2003இல் அடுத்த பரபரப்பு. சிவப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் என்ற பொருள் சர்-2ஐத் தூண்டுகிறது, ஈஸ்ட்டின் ஆயுளை 70 விழுக்காடு வரை நீட்டிக்கிறது என்று சின்க்ளேர் குழுவினர் அறிவித்தார்கள். அவ்வளவுதான். உலகெங்கும் புட்டிகளில் அடைத்து மாத்திரையாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் மருந்து நிறுவனம், இந்த வழியில் மருந்து தேடிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

இங்கேதான் கென்னடியின் பங்கைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்ட அவரும் கேபர்லைனும், தாங்கள் வளர்ந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முடிவுகளையே மறுபடியும் சோதித்தார்கள். 2004இல், சர்-2 இல்லாத ஈஸ்ட்டிலும் உணவைக் குறைத்தால் ஆயுள் கூட முடியும் என்று காட்டினார்கள். 2005இல், ரெஸ்வெராட்ரால் தங்கள் ஈஸ்ட்களின் ஆயுளை நீட்டிக்கவில்லை என்று வெளியிட்டார்கள். தன்னை வளர்த்த ஆசிரியர் குழுவின் புகழ்பெற்ற முடிவைக் கேள்வி கேட்பது சாதாரணக் காரியமல்ல. அதிலும் ஆயுள் நீட்டிப்பைத் தாமே முதலில் எண்ணிக் காட்டிய கேபர்லைன் அதைச் செய்தார்.

பின்னர் அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில் சாதாரண எலிகளின் ஆயுளையும் ரெஸ்வெராட்ரால் கூட்டவில்லை. 2013இல் சர்ட்ரிஸின் தனி அலுவலகமும் மூடப்பட்டது. மாத்திரைப் புட்டிகள் மட்டும் கடைகளிலிருந்து போகவில்லை.

வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த மருந்து

சர்-2 பாதை சிக்கலாகிப் போன நேரத்தில் வேறொரு பாதை திறந்தது. அதன் கதையில் ஓர் இந்தியர் வருகிறார்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஈஸ்டர் தீவு. அதன் சொந்தப் பெயர் ராப்பா நூயி. 1964இல் அங்கு சென்ற கனடிய ஆய்வுக்குழு மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் அயர்ஸ்ட் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய சுரேந்திர நாத் சேகல், அந்த மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தார். தீவின் பெயரால் அது ராபமைசின் ஆனது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் மான்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடியது. ராபமைசின் வேலையும் கைவிடப்பட்டது. சேகலுக்கு மனம் கேட்கவில்லை. மருந்தின் ஒரு பகுதியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தார் பயன்படுத்தும் உறைபெட்டியில் பத்திரப்படுத்தினார். வேலை மாறி அமெரிக்கா போனபோதும் கூடவே கொண்டு போனார். அவருடைய பிடிவாதத்தால் ஆய்வு மீண்டும் தொடங்கி, 1999இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. சேகல் 2003இல் காலமானார்.

இந்த மருந்து உடலில் எதைப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க உதவியதும் ஈஸ்ட்தான். 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசஃப் ஹைட்மன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் ஆகிய மூவர், ராபமைசின் கொடுத்தும் பாதிக்கப்படாத ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் மரபணுவில் உள்ள மாற்றத்தைக் கண்டார்கள். அந்த மரபணுவுக்கு டோர் என்று பெயர் வைத்தார்கள். 'ராபமைசினின் இலக்கு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஜெர்மன் மொழியில் டோர் என்றால் வாசல் என்றும் பொருள்.

டோரின் வேலையை ஒரு வீட்டு நிர்வாகிக்கு ஒப்பிடலாம். உணவு வரத்து நன்றாக இருந்தால், "கட்டுங்கள், வளருங்கள், பெறுங்கள்" என்று உயிரணுவுக்குக் கட்டளையிடும். வரத்துக் குறைந்தால் அமைதியாகிவிடும். அப்போது உயிரணு புதிதாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு, பழுதடைந்த பொருள்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் துப்புரவு வேலையில் இறங்கும்.

கென்னடியும் கேபர்லைனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, டோரின் வேகத்தைக் குறைத்தால் ஈஸ்ட்டின் ஆயுள் கூடுகிறது என்று காட்டியது. எந்த மரபணு என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு அவர்கள் தேடவில்லை. ஒரே ஒரு மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட் வகைகள் 564ஐ எடுத்து, ஒவ்வொன்றின் ஆயுளையும் எண்ணினார்கள். ஆயுள் கூடிய வகைகளில் பல டோர் பாதையைச் சேர்ந்தவையாக வந்து நின்றன. எண்ணிக்கை அதோடு நிற்கவில்லை. பத்தாண்டு உழைப்பில் 4,698 வகைகளையும் எண்ணி முடித்து 2015இல் வெளியிட்டார்கள். நீக்கினால் ஆயுளைக் கூட்டும் மரபணுக்கள் 238 கிடைத்தன. அவற்றுள் கணிசமானவை ரைபோசோம் தொடர்பானவை. புரத உற்பத்தி சற்று மந்தமானால் ஆயுள் நீள்கிறது என்று அதற்குப் பொருள். எண்ணியவர்கள் பலர், கருவியோ அதே ஊசியும் நுண்நோக்கியும்தான்.

ஈஸ்ட்டில் கிடைத்த இந்தத் தடயம் ஈஸ்ட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஒரே நேரத்தில் எலிகளுக்கு ராபமைசின் கொடுத்த சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. மருந்தை உணவில் கலக்கும் வேலை தாமதமானதால், எலிகளுக்கு 600 நாள் வயதான பிறகே கொடுக்க முடிந்தது. மனித வயதில் அது ஏறத்தாழ அறுபது. அப்படியும் பெண் எலிகளின் உச்ச ஆயுள் 14 விழுக்காடும், ஆண் எலிகளுக்கு 9 விழுக்காடும் கூடியது. அறுபதுக்குப் பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு என்பது அன்று யாரும் எதிர்பாராதது.

நமக்கு என்ன?

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே ராபமைசின் பற்றிய செய்தியைப் படிக்கும் நம்மவர்கள் அதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். அது நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து. உறுப்பு மாற்று நோயாளிகளுக்குக் கொடுப்பதே அதற்காகத்தான். வாய்ப்புண் வரலாம். இரத்தத்தில் கொழுப்பும் சீனியும் ஏறலாம். ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆயுளுக்காக இதை வாங்கி விழுங்குவது ஆபத்து. அதுபோலவே ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸைக் குறைத்ததும் வயதானவர் சாப்பாட்டைக் குறைப்பதும் ஒன்றல்ல. எடை குறைந்த முதியவருக்குத் தசையும் எலும்பும் கரைந்து, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது சிரமம். தேத்தாரேயில் சீனியைக் குறைப்பது நல்லதுதான். அதற்கான காரணத்தை ஈஸ்ட்டிடம் தேட வேண்டியதில்லை, மருத்துவமனையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையே சொல்லும்.

வெங்கி ராமகிருஷ்ணன் 2024இல் முதுமையும் மரணமும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆயுளை நீட்டிப்பதாகச் சொல்லும் வணிகத்தை அதில் அவர் ஐயத்தோடுதான் பார்க்கிறார். ஈஸ்ட் ஆய்வின் வரலாற்றைப் பார்த்தால் அந்த ஐயம் நியாயமானதே. ஒரு முடிவு வெளியாவதற்கும் அது சரிபார்க்கப்படுவதற்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கின்றன. புட்டிகள் விற்பனையாவது அந்த இடைவெளியில்தான். கிராமத்து வீட்டில் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழும் பெரியவர்களிடம், நேரடி விற்பனைக்காரர் வந்து "இளமை திரும்பும்" என்று நீட்டும் புட்டியும் அந்த வகைதான்.

கென்னடி சிங்கப்பூருக்கு வந்தபின் பேசியது பெரும்பாலும் ஆயுளின் நீளத்தைப் பற்றியல்ல; நோயின்றி நடமாடும் ஆண்டுகளைப் பற்றி. 2020இல் அவரது குழு வெளியிட்ட எலி ஆய்வில், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற பொருளை நடுவயதில் கொடுத்தபோது எலிகளின் ஆயுள் கூடியதைவிட, தளர்ச்சியில் கழித்த காலம் குறைந்ததே பெரிய மாற்றமாக இருந்தது. அதை மனிதரிடம் சோதிக்கும் முயற்சி சிங்கப்பூரில் தொடங்கியது. கேபர்லைன் வேறு பக்கம் போனார். வீட்டு நாய்களின் முதுமையை ஆராயும் பெரிய திட்டத்தை அமெரிக்காவில் தொடங்கியவர்களுள் அவர் ஒருவர். மனிதன் மூப்படைய எண்பது ஆண்டுகள், நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். மனிதன் வாழும் அதே வீட்டில், அதே காற்றைச் சுவாசித்து நாய் மூப்படைகிறது. அவற்றில் ஒரு பகுதிக்கு ராபமைசினும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் சோதனையும் அத்திட்டத்தில் உண்டு.

ஈஸ்ட்டை விட்டும் ஆய்வாளர்கள் போய்விடவில்லை. தாய் ஈஸ்ட்கள் எல்லாம் ஒரே விதமாக மூப்படைவதில்லை, இரண்டு வேறு பாதைகளில் போகின்றன என்று 2020இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் நான் ஹாவ் என்பவரின் குழு காட்டியது. ஒரு பாதையில் ரைபோசோம் மரபணுக்கள் இருக்கும் பகுதி நிலைகுலைகிறது. மறு பாதையில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதடைகிறது. 2023இல் அதே குழு, ஈஸ்ட் எந்தப் பாதையிலும் நிலைத்துவிடாமல் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும்படி அதன் மரபணுக்களை மாற்றியமைத்தது. ஆயுள் 82 விழுக்காடு கூடியது. ஊசியால் சேயைத் தள்ளும் வேலை அங்கு இல்லை. நுண்ணிய கால்வாயில் தாயை நிறுத்தி, ஓடும் நீரில் சேய்களை அடித்துச் செல்லவிட்டு, நிழற்படக் கருவியே இரவு பகலாக எண்ணிக்கொள்கிறது.

இன்னொரு முடிவும் உண்டு, 2011இல் எம்.ஐ.டி.யில் ஏஞ்சலிகா ஆமன் குழுவினர் கண்டது. உணவு அறவே தீர்ந்துபோனால் சில ஈஸ்ட்கள் மொட்டு விடுவதை நிறுத்தி, தம் உடலையே நான்கு வித்துகளாகப் பிரித்துக்கொள்ளும். தளர்ந்த கிழ ஈஸ்ட்டும் அப்படிச் செய்வதுண்டு. அதிலிருந்து முளைத்த வித்துகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். இள ஈஸ்ட்டின் வித்துகளுக்கு எவ்வளவு ஆயுளோ, கிழ ஈஸ்ட்டின் வித்துகளுக்கும் அவ்வளவு ஆயுள். மூப்பின் அடையாளங்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் துடைக்கப்பட்டிருந்தன. துடைக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் ஒரு மரபணுவை, வித்து எதுவும் உண்டாக்காத கிழ ஈஸ்ட்டில் சிறிது நேரம் இயக்கிவிட்டார்கள். அதன் ஆயுளும் நீண்டது.